இமாட்டினிப்: நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கான இலக்கு மருந்தும் சென்னைக் காப்புரிமை வழக்கும்

இமாட்டினிப் என்பது நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கு (சி.எம்.எல்.) அளிக்கப்படும் மாத்திரை. நோய்க்குக் காரணமான ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தடுத்து நிறுத்தும் ‘இலக்கு மருந்துகள்’ வகையில் இது ஒரு முன்னோடி. 2001ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த இந்த நோய், அதன் பின் சர்க்கரை நோயைப் போல நாள்தோறும் மருந்து உண்டு கட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய நோயாக மாறியது.

இம்மருந்தின் இந்திய வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இதன் காப்புரிமைக்கான விண்ணப்பம் சென்னையில்தான் தாக்கலானது, சென்னையில்தான் நிராகரிக்கப்பட்டது. அந்த வழக்கு 2013இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, ஒரு மருந்தின் ‘பயன்திறன்’ என்றால் என்ன என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லியிருந்தது. மருத்துவமனையிலும் அதே கேள்விதான் கேட்கப்படுகிறது: நோயாளிக்கு இதனால் என்ன பயன்? இவ்விரு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இம்மருந்தின் வரலாறு முழுமையாக விளங்கும்.

நோயின் இயல்பு

இரத்தப் புற்றுநோய்களில் விரைந்து முற்றுபவை, மெல்ல வளர்பவை என இரு பிரிவுகள் உண்டு. மெல்ல வளர்பவை நாட்பட்டவை எனப்படும். அவற்றுள் முக்கியமானவை இரண்டு: மைலாய்டு வகை, லிம்பாய்டு வகை. இரண்டுக்கும் காரணமும் மருந்தும் வேறு வேறு. இக்கட்டுரை மைலாய்டு வகையைப் பற்றியது.

இந்நோயில் எலும்பு மஜ்ஜை வெள்ளை அணுக்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. உடல்சோர்வு, எடைக்குறைவு, இரவில் வியர்த்தல், இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி வயிறு கனத்தல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வேறு காரணத்துக்காக இரத்தம் பரிசோதிக்கும்போது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை உயர்ந்திருப்பது தெரியவரும். சிகிச்சை இல்லையென்றால் நோய் நாட்பட்ட நிலையிலிருந்து முடுக்க நிலைக்கும், பின்னர் கடும் இரத்தப் புற்றுநோயை ஒத்த இறுதி நிலைக்கும் செல்லும்.

இது தொற்றுநோய் அன்று. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதும் அன்று. மிகுந்த அளவில் கதிர்வீச்சுக்கு ஆளாவது இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் என்பது ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் தப்பியவர்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது. பெரும்பாலான நோயாளிகளிடம் இப்படி எந்தக் காரணத்தையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. மேலை நாடுகளில் முதியோரிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோய், இந்தியாவில் முப்பது, நாற்பது வயதினரிடமே அதிகம் கண்டறியப்படுகிறது. அதாவது குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடும் வயதில் வருகிறது.

காரணம் கண்டறியப்பட்ட விதம்

1960இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் இரு ஆய்வாளர்கள், இந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் இயல்பைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டனர். அது ‘ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்’ என்று பெயர்பெற்றது. ஒரு புற்றுநோயுடன் நிலையாகத் தொடர்புடைய குரோமோசோம் மாற்றம் கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை.

1973இல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி, அந்தக் குரோமோசோம் குட்டையானதன் காரணத்தை விளக்கினார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் நுனித்துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. இந்த இடமாற்றத்தால் 9இல் இருந்த ஏ.பி.எல். மரபணு, 22இல் உள்ள பி.சி.ஆர். மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது என்பது 1980களில் தெளிவாயிற்று.

இந்த ஒட்டு மரபணு உருவாக்கும் புரதம் டைரோசின் கைனேஸ் என்னும் நொதி வகையைச் சேர்ந்தது. இயல்பான அணுக்களில் இத்தகைய நொதிகள் தேவைப்படும்போது இயங்கி, தேவை முடிந்ததும் ஓய்ந்துவிடும். ஒட்டுப் புரதத்துக்கு ஓய்வு இல்லை. அது ‘பெருகு, பெருகு’ என்ற கட்டளையை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 1990இல் இந்த மரபணுவை எலிகளின் மஜ்ஜை அணுக்களில் செலுத்தியபோது அவற்றுக்கும் இதை ஒத்த நோய் வந்தது. ஒரே ஒரு புரதமே நோய்க்குப் போதுமான காரணம் என்பது அதனால் உறுதியாயிற்று.

மருந்து உருவான வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய்க்கு ஆர்சனிக் கரைசல் கொடுக்கப்பட்டது. 1950களில் புசல்ஃபான், அதன்பின் ஹைட்ராக்சியூரியா ஆகியவை வந்தன. அவை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தனவே தவிர, நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை. 1980களில் வந்த இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்கு நல்ல பலன் தந்தது. ஆனால் காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு போன்ற தொல்லைகளால் பலரால் அதைத் தொடர முடியவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயை முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது. ஆனால் பொருந்தும் கொடையாளர் வேண்டும். சிகிச்சையின்போதே உயிரிழக்கும் ஆபத்தும் இருந்தது.

சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தில் அலெக்ஸ் மாட்டர், நிக்கோலஸ் லைடன், யுர்க் சிம்மர்மன் ஆகியோரைக் கொண்ட குழு கைனேஸ் நொதிகளைத் தடுக்கும் வேதிப்பொருள்களை உருவாக்கிவந்தது. அவற்றுள் ஒன்று சி.எம்.எல். அணுக்களை அழித்து, இயல்பான அணுக்களைப் பெரும்பாலும் விட்டுவைப்பதை அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர் தம் ஆய்வில் கண்டார். அந்த முடிவு 1996இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் சீபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் நிறுவனம் ஆயின.

இமாட்டினிப் செயல்படும் முறை எளிமையானது. ஒட்டுப் புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு அந்தப் பள்ளத்தில் வந்து அமர்ந்தால்தான் புரதம் இயங்கும். இமாட்டினிப் அந்த இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. இடம் கிடைக்காத ஏ.டி.பி. வெளியே நிற்கிறது, பெருகும் கட்டளை நின்றுபோகிறது, கட்டளையை நம்பியிருந்த நோயணுக்கள் மடிகின்றன.

மருந்தின் பயன்

நோயாளிகளுக்கு முதன்முதலாக 1998இல் இம்மருந்து கொடுக்கப்பட்டது. இன்டர்ஃபெரான் பயன்தராத நோயாளிகளில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. இம்முடிவு 2001 ஏப்ரலில் வெளியானது. அடுத்த மாதமே ஒப்புதல் கிடைத்தது.

அதைத் தொடர்ந்து ‘ஐரிஸ்’ என்ற பெரிய ஆய்வு 1,106 புதிய நோயாளிகளிடம் நடந்தது. ஒரு பாதியினருக்கு இமாட்டினிப்பும், மறு பாதியினருக்கு இன்டர்ஃபெரானும் சைட்டரபினும் அளிக்கப்பட்டன. 18 மாதங்களில் ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் மஜ்ஜையில் அறவே தென்படாத நிலையை அடைந்தவர்கள் முதல் பிரிவில் சுமார் 76 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் சுமார் 14.5 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்குப் பின் 2017இல் வெளியான கணக்கின்படி, இமாட்டினிப் பிரிவினரில் 83.3 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர்.

பயன் மூன்று படிகளில் அளக்கப்படுகிறது. முதற்படி, இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீராதல். இரண்டாம் படி, ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் மறைதல். மூன்றாம் படி, பி.சி.ஆர்.-ஏ.பி.எல். மரபணுவின் தடயம் இரத்தத்தில் 0.1 விழுக்காட்டுக்குக் கீழே குறைதல். மூன்றாவதை அறிய, மரபணுத் தடயத்தைப் பெருக்கிக் கணக்கிடும் நுட்பமான இரத்தப் பரிசோதனை வேண்டும். முதல் படியை எட்டியதும் நோயாளி முழு நலம் பெற்றதாக உணர்வார். ஆனால் அப்போதும் உடலில் கோடிக்கணக்கான நோயணுக்கள் இருக்கக்கூடும். மருந்தை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பாதுகாப்பும் பக்கவிளைவுகளும்

வழக்கமான அளவு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். உணவுடன், ஒரு பெரிய குவளை தண்ணீரோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் உண்டால் குமட்டல் கூடும். கண்ணைச் சுற்றியும் காலிலும் வீக்கம், தசைப்பிடிப்பு, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, சோர்வு ஆகியவை அடிக்கடி காணப்படும் பக்கவிளைவுகள். பெரும்பாலானவை தாங்கக்கூடியவை. இரத்த அணுக்கள் மிகக் குறைதல், கல்லீரல் பாதிப்பு போன்றவை சிலருக்கு வரலாம் என்பதால் தொடக்க மாதங்களில் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. ஐரிஸ் ஆய்வின் பத்தாண்டுக் கணக்கில், மருந்தோடு தொடர்புடைய கடுமையான விளைவுகள் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரிடமே காணப்பட்டன. காலம் செல்லச் செல்லப் புதிய ஆபத்துகள் கூடிக்கொண்டே போகவும் இல்லை.

மூன்று எச்சரிக்கைகள் முக்கியமானவை. கருவுற்ற காலத்தில் இம்மருந்து குழந்தைக்குக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடும் என்பதால், குழந்தைபெற விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் இமாட்டினிப்பின் அளவைக் குறைத்துவிடும். சில பூஞ்சைக்கொல்லி மருந்துகள் அதைக் கூட்டிவிடும். எனவே வேறு எந்த மருந்தை உண்ணும் முன்பும், அது நாட்டு மருந்தே ஆனாலும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிலருக்கு நாளடைவில் ஒட்டுப் புரதத்தின் வடிவம் மாறி, மருந்து அமர முடியாமல் போகிறது. அவர்களுக்காக டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் ஆகிய இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. இவை மூன்றும் பயன்தராத ‘டி315ஐ’ என்ற மாற்றத்துக்குப் பொனாட்டினிப் 2012இல் ஒப்புதல் பெற்றது. ஆனால் இரத்தக் குழாய் அடைப்புகள் கூடியதால் 2013இல் அதன் விற்பனை அமெரிக்காவில் சிறிது காலம் நிறுத்தப்பட்டு, கடும் எச்சரிக்கையுடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. டாசாட்டினிப்பால் நுரையீரலைச் சுற்றி நீர் சேரலாம். நிலோட்டினிப்பால் இதயத்துடிப்பின் சீர் மாறலாம். ஆற்றல் மிகுந்த மருந்து அதே அளவில் பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. இமாட்டினிப் இன்றும் முதல் தெரிவுகளுள் ஒன்றாக நீடிப்பதற்கு அதன் நீண்டகாலப் பாதுகாப்பு ஒரு காரணம்.

சென்னையில் நடந்த வழக்கு

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துகளைப் பொறுத்தவரை தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. வேறு முறையில் அதே மருந்தைத் தயாரிக்க எவருக்கும் தடையில்லை. இந்திய நிறுவனங்கள் மலிவான மருந்துகளை உலகுக்கு அளித்தது இந்த ஏற்பாட்டினால்தான். உலக வணிக அமைப்பில் சேர்ந்ததன் விளைவாக, 2005 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தர இந்தியா சட்டத்தைத் திருத்தியது. அத்துடன் 3(டி) என்ற பிரிவும் இப்போதைய வடிவம் பெற்றது. ஏற்கெனவே அறிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், பயன்திறனில் குறிப்பிடத்தக்க மேம்பாடு காட்டினாலன்றிப் புதிய கண்டுபிடிப்பாகக் கருதப்படாது என்கிறது அப்பிரிவு.

நோவார்ட்டிஸ் 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. கோரியது இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் ‘பீட்டா’ படிக வடிவத்துக்கான காப்புரிமை. 2003 நவம்பரில் தற்காலிகமான தனி விற்பனை உரிமை அதற்குக் கிடைத்தது. அதைக் கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் சில இந்திய நிறுவனங்களின் தயாரிப்புக்குத் தடையும் பெற்றது. அப்போது நோவார்ட்டிஸ் மருந்துக்கு மாதம் சுமார் ரூ. 1,20,000, இந்திய நிறுவனங்களின் மருந்துக்கு மாதம் சுமார் ரூ. 8,000 முதல் ரூ. 10,000.

மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும், நாட்கோ, சிப்ளா, ரான்பாக்சி, ஹெட்டெரோ ஆகிய நிறுவனங்களும் விண்ணப்பத்தை எதிர்த்தன. 2006 ஜனவரி 25 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நோவார்ட்டிஸ் 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் ஆகியோர் அந்த வாதத்தை ஏற்க மறுத்தனர். ‘பயன்திறன்’ என்ற சொல் தெளிவற்றது என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. மருந்தைப் பொறுத்தவரை அது நோயைக் குணப்படுத்தும் திறனையே குறிக்கும் என்று நீதிமன்றம் விளக்கியது. நிராகரிப்பை எதிர்த்த மேல்முறையீட்டை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் 2009 ஜூனில் தள்ளுபடி செய்தது.

2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் இறுதித் தீர்ப்பு வழங்கினர். பீட்டா படிகம் எளிதில் ஓடக்கூடியது, ஈரத்தை உறிஞ்சாதது, நிலைத்தன்மை மிக்கது என்பன தயாரிப்புக்கும் சேமிப்புக்கும் உதவும். நோயாளியைக் குணப்படுத்துவதில் அவை மேம்பாடு ஆகா. உடலில் 30 விழுக்காடு கூடுதலாக உட்கிரகிக்கப்படுகிறது என்பதும், அதனால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்று சான்று காட்டப்படாதவரை போதாது. இதுவே தீர்ப்பின் சாரம்.

நோவார்ட்டிஸ் தரப்புக்கும் நியாயங்கள் இருந்தன. இதே வடிவத்துக்குப் பல நாடுகள் காப்புரிமை தந்திருந்தன. ஆராய்ச்சிச் செலவை மீட்க வழியில்லையென்றால் புதிய மருந்துகள் வராது என்றது நிறுவனம். இந்தியாவில் தன் மருந்தைப் பெறுவோரில் பெரும்பாலோருக்கு இலவசத் திட்டத்தின் மூலமே வழங்குவதாகவும் சுட்டிக்காட்டியது. அத்திட்டத்தால் ஆயிரக்கணக்கானோர் உயிர்பிழைத்தது உண்மை. ஆனால் இலவசம் என்பது கொடுப்பவரின் விருப்பத்தையும் அவர் வகுக்கும் தகுதி வரம்பையும் பொறுத்தது. கடையில் தாங்கக்கூடிய விலைக்குக் கிடைப்பது வேறு. அமெரிக்காவில் 2001இல் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலராக இருந்த இம்மருந்தின் விலை, 2012இல் 90,000 டாலரைக் கடந்தது. இதுபோன்ற விலைகளைக் கண்டித்து நூற்றுக்கும் மேற்பட்ட சி.எம்.எல். வல்லுநர்கள் 2013இல் கூட்டாக எழுதினர். உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் இமாட்டினிப்பை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

அடையாறு காட்டிய பாடம்

மருந்து மலிவானால் மட்டும் பயன் முழுமையாகிவிடுமா? முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. இமாட்டினிப் உண்ட 516 நோயாளிகளில் சுமார் 30 விழுக்காட்டினர் ஒரு வாரத்துக்கு மேல் மருந்தை இடையில் விட்டிருந்தனர். நோய் மீளாமலும் முற்றாமலும் ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள், தவறாமல் உண்டோரில் 76.7 விழுக்காடு, இடையில் விட்டோரில் 59.8 விழுக்காடு. ஒரே மருந்து, ஒரே மருத்துவமனை. உண்ட ஒழுங்கில்தான் வேறுபாடு.

மருந்தை விடுவதற்குக் காரணங்கள் பல. உடல் தேறியதும் ‘இனி எதற்கு?’ என்ற எண்ணம் வரும். வீக்கமும் குமட்டலும் சலிப்பூட்டும். மாத்திரை வாங்க மாதந்தோறும் நெடுந்தொலைவு வந்துபோக வேண்டியிருக்கும். ஒரு நாள் கூலி போகும். நோயைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சமும் உண்டு.

ஒரகடம் போன்ற தொழில் வட்டாரங்களில்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பாதையில் வாகனம், உதிரிபாகம், மின்னணுப் பொருள் ஆலைகளில் பணிபுரிவோரில் பெரும்பகுதியினர் இளைஞர்கள். இந்தியாவில் இந்நோய் வரும் வயதும் அவர்கள் வயதும் அருகருகே இருப்பதால், மேலே சொன்னவை இங்கே நேரடியாகப் பொருந்துகின்றன.

முறைமாற்றுப் பணியில் இருப்போருக்கு ‘காலை உணவுக்குப் பின்’ என்ற அறிவுரை வாரந்தோறும் குழம்பும். எந்த ஷிப்ட் ஆனாலும் அன்றைய முக்கிய உணவோடு மாத்திரையைச் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. நேரத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். 2017 முதல் மாத ஊதியம் ரூ. 21,000 வரை பெறுவோர், ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) அடங்குவர். உரிய பணிக்காலத்தை நிறைவு செய்தவருக்குப் புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நோய்களில் ஊதியத்தின் 80 விழுக்காடு வரை இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்த நோய்க்கால உதவித்தொகை உண்டு. ஆலை மாறினாலும் காப்பீட்டு எண் மாறுவதில்லை என்பதால், பழைய எண்ணையே புதிய இடத்திலும் தர வேண்டும். இத்திட்டத்தில் வராதோருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. இதே மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இயங்கிவருகிறது.

ஆலைகளில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மிகுந்திருந்தால், அந்தத் தாளை மடித்து வைத்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பெரும்பாலும் அது சாதாரணத் தொற்றாக இருக்கும். சி.எம்.எல். ஆகவே இருந்தாலும், நாட்பட்ட நிலையிலேயே கண்டறியப்பட்டால் மருந்து மிக நன்றாகப் பலனளிக்கும்.

மருந்தை நிறுத்த முடியுமா?

2010இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மரபணுத் தடயமே தென்படாத 100 நோயாளிகள் கண்காணிப்பில் இமாட்டினிப்பை நிறுத்தினர். ஓராண்டுக்குப் பின்னும் சுமார் 40 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோர் மீண்டும் மருந்து தொடங்கியதும் தேறினர். இது மாதந்தோறும் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே செய்யத்தக்கது. தானாக நிறுத்துவதற்கு இதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

முடிவுரை

நோயாளியைக் கூடுதலாகக் குணப்படுத்துகிறதா என்பதே பயன்திறனுக்கு அளவுகோல் என்று சட்டம் சொன்னது. மருத்துவ ஆய்வுகள் அந்தப் பயனை எண்களில் காட்டின. அடையாறு ஆய்வோ, நாள்தோறும் விழுங்கப்பட்ட மாத்திரைக்கே அந்த எண்கள் பொருந்தும் என்று காட்டியது. மருந்தின் வேதியியல், தாங்கக்கூடிய விலை, இடைவிடாத கண்காணிப்பு, தவறாத பழக்கம் ஆகிய நான்கும் கூடிய இடத்தில்தான் சி.எம்.எல். கட்டுக்குள் வந்திருக்கிறது. முதல் மூன்றையும் அறிவியலும் சட்டமும் அரசும் தரலாம். நான்காவதற்கு நோயாளியோடு அவர் குடும்பமும் அவர் பணிபுரியும் இடமும் துணை நிற்க வேண்டும்.